மழை கரைக்கும், ஊர் பூசும்: ஜென்னேக்குப் போகலாமா?

கேள்வி:

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளியில் வரலாறும் புவியியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். இப்போது 62 வயது. நைஜர் ஆற்றைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். மேற்கே மலையில் பிறந்து, பக்கத்திலிருக்கும் கடலை விட்டுவிட்டுப் பாலைவனத்தை நோக்கிப் போய், பிறகு வளைந்து தெற்கே இறங்கும் விசித்திரமான ஆறு அது. அந்த வளைவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அந்தப் பக்கத்தில் மாலி நாட்டில் ஜென்னே என்று ஓர் ஊர், அங்கே முழுக்க முழுக்க மண்ணால் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் இருக்கிறது என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

காரணம் இருக்கிறது. நான் வளர்ந்தது மண் வீட்டில். தை பிறப்பதற்கு முன் அம்மா கண்மாயில் கரம்பை எடுத்து வந்து, குழைத்து, சுவரெல்லாம் பூசுவார்கள். தரையைச் சாணி போட்டு மெழுகுவார்கள். அப்பா இறந்த வருடம் யாரும் பூசவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் ஊறி, ஒரு ராத்திரியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வருடம் பூசாத எங்கள் சுவர் விழுந்தது. அங்கே ஒரு பெரிய கட்டடமே நூறு வருடம் தாண்டி நிற்கிறது. எப்படி?

வருகிற தையில் போகலாமா? ஒரு பயண ஏற்பாட்டாளர் “எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். மகன் கூடவே கூடாது என்கிறான். போனால் என்ன பார்க்க வேண்டும், பள்ளிவாசலுக்குள் விடுவார்களா, ஊர்க்காரர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விழுந்த அந்த மேற்குச் சுவரில் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்.

இந்தத் தையில் போகலாமா?

வேண்டாம். உங்கள் மகன் சொல்வதுதான் சரி. 2012-ல் மாலியின் வடக்கே தொடங்கிய போர் சில ஆண்டுகளில் நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டது. ஜென்னே இருப்பது அந்த நடுப்பகுதியில்தான். தலைநகர் பமாக்கோவிலிருந்து ஜென்னேக்குச் சாலை வழியே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். அந்தச் சாலையில் ஆயுதக் குழுக்களின் நடமாட்டம் உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து தலைநகருக்கு எரிபொருள் கொண்டுவரும் லாரிகளையே அவர்கள் மறித்துத் தாக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மின்சாரத் திட்ட வேலைக்குப் போயிருந்த நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேரை மேற்கு மாலியில் கடத்திக்கொண்டு போனார்கள். வெளிநாட்டவர் என்றால் பணயம் என்ற கணக்கு அங்கே நடக்கிறது.

“பார்த்துக்கொள்ளலாம்” என்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அரசுகள் போகாதே என்று எச்சரித்திருக்கும் இடத்துக்கு எந்தக் காப்பீடு செல்லும்? வழியில் ஏதாவது நடந்தால் யார் வந்து மீட்பார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தர முடியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் போனால் உங்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். உங்களை அழைத்துப் போகிற ஓட்டுநருக்கும், இடம் கொடுக்கிற குடும்பத்துக்கும் அது ஆபத்து.

இதை எழுதுவது எனக்கும் வலிக்கிறது. நான் அங்கே போனது 2011 ஜனவரியில். மண் கட்டடம் கட்டுகிறவன் என்ற முறையில் அந்த ஊரை ஒரு பள்ளிக்கூடம் என்றே நினைத்துப் போனேன். அப்போது பேருந்தில் ஏறி, கவலையில்லாமல் போய்ச் சேர முடிந்தது. அந்த நாள் திரும்ப வரும் என்று நம்புகிறேன். அது வரும்போது நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக மற்றக் கேள்விகளுக்கும் முழுதாகவே பதில் சொல்கிறேன்.

மண் எப்படி நூறு வருடம் நிற்கிறது?

நிற்பதில்லை, டீச்சர். ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கரைகிறது. ஊர் ஒவ்வொரு வருடமும் அதைத் திரும்பப் பூசுகிறது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன், பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் அந்தப் பூச்சு நடக்கும். பானி ஆற்றுப் படுகையிலிருந்து வண்டல் மண்ணைக் கொண்டுவந்து குழியில் கொட்டி, தண்ணீர் விட்டு, உமியும் தவிடும் சேர்த்துப் பல நாள் புளிக்க வைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளே இறங்கி மிதித்து விளையாடுவார்கள். விளையாட்டிலேயே மண் பதமாகிவிடும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். கொத்தனாருக்கு அந்த வாசனைதான் பதம் சொல்லும்.

பூசும் நாளுக்கு முந்தின ராத்திரி ஊர் தூங்காது. விடிவதற்கு முன்பே இளைஞர்கள் கூடையில் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுவார்கள். தெருவுக்குத் தெரு போட்டி. பெண்களும் சிறுமிகளும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பார்கள். கொத்தனார்கள் மேலே ஏறி நின்று வழிநடத்துவார்கள். வயதில் மூத்தவர்களுக்குச் சந்தைத் திடலில் மரியாதையான இடம் உண்டு. அவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றுபோன இந்த ஆண்டுகளிலும் பூச்சு நடந்திருக்கிறது. யாரும் பார்க்க வராவிட்டாலும் அவர்கள் பூசுகிறார்கள். பூசாவிட்டால் சுவர் என்னாகும் என்பதை உங்கள் வீட்டு மேற்குச் சுவர் உங்களுக்குக் காட்டிவிட்டது. ஜென்னேயிலும் 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது பள்ளிவாசலின் தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி சரிந்தது. மறுபடி கட்டினார்கள்.

இப்போது நிற்கும் கட்டடம் 1906, 1907-ல் எழுந்தது. கட்டியவர் கொத்தனார் சங்கத்தின் தலைவராக இருந்த இஸ்மைலா த்ராவோரே. அதற்கு முன் அதே இடத்தில் இருந்த முதல் பள்ளிவாசல், 13-ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய கோய் கொன்போரோ என்ற அரசர் எழுப்பியது என்பது மரபு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைப் பிடித்த செக்கு அமாதுவுக்கு அந்தப் பழைய பள்ளிவாசலின் ஆடம்பரம் பிடிக்கவில்லை. அவர் அதை இடிக்கவில்லை. பூசாமல் விட்டார். மீதியை மழை பார்த்துக்கொண்டது. 1828-ல் அங்கே வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயியே கண்டது குருவிகள் கூடு கட்டிய பாழ் மண்டபத்தைத்தான். மண் கட்டடத்தை அழிக்கக் கடப்பாரை வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே போதும் என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை.

கட்டும் முறையில் நம் கண்ணுக்குப் பழக்கமானது ஒன்று உண்டு. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைக் கற்றைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தோரோன் என்பார்கள். அவை பனங்கட்டைகள். நம் பனைக்கு அண்ணன் தம்பி முறையான ஆப்பிரிக்கப் பனை. கறையான் லேசில் அரிக்காத வைரம் பாய்ந்த மரம் என்பதால் நம் ஊரில் பனங்கை போட்டு ஓடு வேய்ந்த மாதிரி, அங்கே கூரைக்கும் சுவருக்கும் அதைத்தான் போடுகிறார்கள். வெளியே நீட்டிய கட்டைகள் அழகுக்கு மட்டுமில்லை, நிரந்தரச் சாரம். பூசுகிறவர்கள் அவற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். ஆண்டுதோறும் பூச வேண்டும் என்பது தெரிந்தே, ஏணியையும் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

முன்பு மண் கற்களைக் கையாலேயே உருட்டி உருளை வடிவில் செய்தார்கள். ஜென்னே ஃபெரே என்று பெயர். 1930-கள் வாக்கில் மர அச்சில் அறுத்த செவ்வகப் பச்சைக்கல் வந்துவிட்டது. அதை துபாபு ஃபெரே, அதாவது வெள்ளைக்காரர் கல் என்கிறார்கள். மொட்டைமாடியில் விழும் மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழுவதற்குச் சுட்ட மண் தூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் தடிமனாக இருப்பதால் பகல் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பள்ளிவாசல் கூரையில் சின்னச் சின்னத் துளைகள் வைத்து, மண் மூடி போட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே தங்கிய சூடு மேலே போய்விடும்.

ஊரில் என்ன பார்ப்பது?

எல்லாரும் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நீங்கள் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். ஊரை முழுதாகப் பாருங்கள்.

நைஜருக்கும் பானிக்கும் நடுவே வெள்ளம் பரவும் சமவெளியில், மேடான இடத்தில் அமைந்த ஊர் அது. வெள்ள காலத்தில் ஏறத்தாழத் தீவாகிவிடும். அந்தத் தண்ணீர்தான் அதன் செல்வம். சகாராவில் வெட்டிய உப்புப் பாளங்கள் ஒட்டகத்தில் திம்புக்டு வந்து, அங்கிருந்து படகில் ஜென்னேக்கு வந்தன. தெற்கேயுள்ள காட்டு நாடுகளின் தங்கமும் கோலாக் கொட்டையும் இங்கே வந்து படகேறி வடக்கே போயின. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இந்த வழியில்தான் போனார்கள். அதையும் மறக்காமல் அந்தத் துறையில் நிற்க வேண்டும். பாலைவனத்து ஊர் என்று உலகம் கொண்டாடிய திம்புக்டு சோறு உண்டது ஜென்னேயின் வயலால்தான் என்று சொன்னால் பெரிதாகத் தவறில்லை.

ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில் ஜென்னே ஜெனோ என்ற மேடு. பார்த்தால் பானை ஓடு சிதறிய திடல் மாதிரி இருக்கும். 1977-ல் தொடங்கி தொல்லியலாளர்கள் ரோட்ரிக் மெக்கின்டாஷும் சூசன் மெக்கின்டாஷும் அங்கே தோண்டினார்கள். கி.மு. 250 வாக்கிலிருந்து கி.பி. 1400 வாக்கு வரை மக்கள் வாழ்ந்த நகரம் அது என்று தெரியவந்தது. அரபு வணிகர்கள் வருவதற்கு முன்பே அங்கே இரும்பு உருக்கினார்கள், ஆப்பிரிக்க நெல் விளைவித்தார்கள், தூர தேசத்துப் பண்டங்களை வாங்கி விற்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நகரமும் வணிகமும் வெளியிலிருந்து வந்தவை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்ததை அந்த மேடு திருத்தியது. இப்போதைய ஊரையும் இந்த மேட்டையும் இதைப் போன்ற இன்னும் மூன்று தொல்லிடங்களையும் சேர்த்து யுனெஸ்கோ 1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. 2016-ல் ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது.

ஊருக்குள் ஏறத்தாழ 2,000 பழைய வீடுகள். முகப்பைப் பார்த்தாலே வகை சொல்லலாம். வாசலுக்கு மேல் கனமான மண் முகடு கவிந்திருந்தால் துக்குலோர் முகப்பு, அது இல்லாவிட்டால் மொரோக்கோ முகப்பு. சுவருக்கு மேல் மண் முனைகள் கூம்பு கூம்பாக நிற்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாடிக்கையான கொத்தனார் குடும்பம் உண்டு. அந்த உறவு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பரே என்பது கொத்தனார், பரே தோன் என்பது அவர்களின் சங்கம். கல் வைக்கும்போது முணுமுணுக்கும் வேண்டுதல் வாசகங்களும் தொழிலோடு சேர்ந்த ரகசியமாகவே கைமாறுகின்றன.

நான் போனபோது ஒரு முதிய கொத்தனார் தன் தெருவைக் காட்டினார். சுவரின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தோளில் தட்டி, கீழே பார் என்று கையைக் காட்டினார். அடிச்சுவரில் ஒரு முழ உயரத்துக்கு மண் பொரிந்து உதிர்ந்திருந்தது. தரையில் பட்டுத் தெறித்த மழைத்தண்ணீரின் வேலை அது. அவர் உள்ளங்கையால் அந்த இடத்தைத் தடவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து எந்த மண் கட்டடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அடிச்சுவருக்குத்தான் போகிறது. நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள்.

சில வீடுகளின் முகப்பில் சுட்ட ஓடு பதித்திருப்பதையும் பார்ப்பீர்கள். வருடா வருடம் பூசும் செலவுக்குப் பயந்து செய்தது. பாரம்பரியம் கெடுகிறது என்று நாம் கோபப்பட உரிமையில்லை. மண் வீட்டின் அழகு நமக்கு, அதைக் காப்பாற்றும் கூலியும் உழைப்பும் அவர்களுக்கு. நாம் எத்தனை பேர் பொங்கலுக்கு மண் பூசுகிறோம்?

உள்ளே விடுவார்களா? எப்படி நடந்துகொள்வது?

முஸ்லிம் அல்லாதவர்களைப் பள்ளிவாசலுக்குள் விடுவதில்லை. 1996 வரை விட்டார்கள். அந்த ஆண்டு ஒரு வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகைக்காக உள்ளே படம் எடுத்த விதம் ஊரைப் புண்படுத்திவிட்டது. அதோடு கதவு அடைபட்டது. பணம் கொடுத்தால் உள்ளே விடுகிறேன் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். வெளியிலிருந்து பார்க்கவே ஒரு நாள் போதாது. கட்டடம் நிற்கும் மேடையே ஒவ்வொரு பக்கமும் சுமார் 75 மீட்டர், தரையிலிருந்து 3 மீட்டர் உயரம். மூன்று கோபுரங்களின் முனையில் நெருப்புக்கோழி முட்டை வைத்திருப்பார்கள். செழிப்புக்கும் தூய்மைக்கும் அடையாளம். எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டைமாடியில் ஏறி மாலை வெயிலில் பாருங்கள்.

அந்த ஊர் தன் கட்டடத்தை எவ்வளவு சொந்தமாக நினைக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006-ல் வெளியிலிருந்து வந்த வல்லுநர்கள் பழுதுபார்ப்பதற்காகக் கூரையை ஆராயத் தொடங்கியபோது ஊரில் கலவரமே வந்தது. நல்ல எண்ணத்தோடு போனாலும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

அங்கே எந்தப் பேச்சும் குசலம் விசாரிக்காமல் தொடங்காது. வீட்டார் சுகமா, பிள்ளைகள் சுகமா, தூக்கம் நன்றா என்று நம் கிராமத்தைவிட நீளமாகப் போகும். பம்பாரா மொழியில் “இ நி சோகோமா” என்றால் காலை வணக்கம், “இ நி சே” என்றால் நன்றி. இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் வெற்றிலை பாக்கு கொண்டு போவது போலக் கோலாக் கொட்டை கொண்டு போவார்கள். வலக்கையால் கொடுங்கள். தேநீர் மூன்று சுற்று வரும். முதல் சுற்றோடு எழுந்தால் மனம் நோகும். படம் எடுக்குமுன் கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பழைய சுடுமண் பொம்மை என்று காட்டுவதை வாங்கவே வாங்காதீர்கள். அந்த வியாபாரத்துக்காகத்தான் சுற்றுவட்டார மேடுகளைத் தோண்டிச் சூறையாடினார்கள். மண் சாயமிட்ட பொகோலான் துணி வாங்குங்கள். நெய்தவருக்கும் தீட்டியவருக்கும் கூலி சேரும்.

அதுவரை என்ன செய்யலாம்?

இந்தத் தைக்கே மண் பள்ளிவாசல் பார்க்க வேண்டும் என்றால் கானா நாட்டுக்குப் போங்கள். அக்ராவில் இறங்கி, உள்நாட்டு விமானத்தில் தமாலே போய், அங்கிருந்து காரில் மேற்கே லரபங்கா. மோலே வனவிலங்குப் பூங்காவின் வாசலில் இருக்கும் சிற்றூர். சகாராவை ஒட்டிய சஹேலிலிருந்து தெற்கே இறங்கிய வணிகர்கள் நடந்த பாதையில் உள்ளது. ஜென்னேயின் கட்டட மரபுதான், ஆனால் ஒரு வீட்டளவே உள்ள சின்னப் பள்ளிவாசல், வெள்ளையடித்தது, பானை போல் அகன்ற புடைப்புத் தாங்குசுவர்களும் நீட்டிய கட்டைகளும் கொண்டது. உள்ளூர் மரபு அதன் தோற்றத்தை 1421 என்று சொல்கிறது. இங்கும் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அங்கே உங்களுக்கு ஒரு பாடம் காத்திருக்கிறது. 1970-களில் நல்லெண்ணத்தோடு அதற்குச் சிமென்ட் பூசினார்கள். மண் சுவருக்கு மூச்சு வேண்டும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டது, உள்ளிருந்த மரங்கள் உளுத்தன. 2002-ல் புயலில் கோபுர முனை விழுந்தது. பிறகு சிமென்ட்டை உரித்தெடுத்து, பழையபடி மண்ணே பூசினார்கள். அந்த வேலையில், மறந்துபோயிருந்த பூச்சு முறையை இளைய கொத்தனார்கள் திரும்பக் கற்றார்கள்.

கானாவுக்கும் மாலிக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலும் தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் 10 நாள் முன்பாவது போட வேண்டும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மலேரியா மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று புழுதியோடு வீசும். இருமல் இருந்தால் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். கானாவின் வடகிழக்கு எல்லைப் பக்கம் மோதல் உள்ள இடங்கள் உண்டு, அந்தப் பக்கம் வேண்டாம்.

ஜென்னேச் சாலை மறுபடி திறக்கும் நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பானி ஆற்றுப் படகுத்துறையில் இருக்கிற மாதிரி புறப்படுங்கள். திங்களன்று பள்ளிவாசலுக்கு முன்னால் சந்தை கூடும். போசோ மீனவர் கருவாட்டோடும், ஃபுலானி இடையர் பாலோடும், பம்பாரா உழவர் கம்போடும் விடியலிலேயே வந்து இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் கலைந்த பிறகு தெருக்களில் நடங்கள். பூச்சு நாளைப் பார்க்க வேண்டும் என்றால், ஆற்றையும் மண்ணையும் பார்த்துக் கொத்தனார்கள் குறிக்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே சீட்டு எடுக்க முடியாது. அன்று மூத்தவர்களுக்குத் திடலில் இடம் போட்டிருப்பார்கள் என்றேனே, உங்கள் வயதுக்கு உங்களையும் அங்கே உட்காரச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம், எங்கள் அம்மாவும் பூசுவார்கள், ஒரு வருடம் பூசவில்லை, சுவர் விழுந்தது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார்கள்.